குழந்தைகள் காப்பகம்: கணக்கெடுக்கப் போகுமுன் படிக்கவும்

அனைவருக்கும் வணக்கம். வீடு வீடாகப் போகும்போது "காப்பகம் வேண்டுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். குழந்தையின் வயது (மாதக்கணக்கில்), பெற்றோர் வேலைக்குக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், இப்போது பார்த்துக்கொள்பவர் யார் என நான்கையும் எழுதி வாருங்கள். 6 மணி ஷிப்டுக்குப் போகிறவருக்கு 9 மணிக்குத் திறக்கும் காப்பகம் இலவசமானாலும் பயனில்லை.

காப்பகத்தை நடத்தும்போது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் கணக்கில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்டவர்களில் 3, மிஞ்சினால் 4 பேருக்கு ஒருவர். அவரும் தினமும் அதே ஆளாக இருக்க வேண்டும். தன்னார்வலர்களை முறைவைத்து மாற்றினால் செலவு குறையும்தான். ஆனால் கைக்குழந்தை யாரிடமும் ஒட்டாது. அழுவது பசிக்கா தூக்கத்துக்கா என்று கண்டுபிடிக்கவும் ஆள் இருக்காது. ஒருவர் லீவு போட்டாலே இந்தக் கணக்கு உடையும், ஆகவே மாற்று ஆளை முதல் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள்.

டயாபர் மாற்றும் இடத்துக்கும் பால் கலக்கும் இடத்துக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும்; ஒரே குழாயானால் வயிற்றுப்போக்கு எளிதாகப் பரவும். ஒரு வயதுவரை மல்லாக்கப் படுக்கவைத்தே தூங்கவைக்க வேண்டும். படுக்கையில் தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை கூடாது. டிஷ்யூ ரோலின் அட்டைக்குழாய்க்குள் நுழைந்துவிடும் எந்தப் பொம்மையும் மூன்று வயதுக்குட்பட்டவர்கள் கையில் வேண்டாம்.

தாள்களை ஞாயிறு மாலைக்குள் ஒப்படைக்கவும்.