வேலூர் மாவட்ட மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருந்துக் கடை உரிமையாளர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

சித்திரை வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் வேலூரிலும் காட்பாடியிலும் குடியாத்தத்திலும் வயிற்றுப்போக்குக்கு மருந்து கேட்டு உங்களிடம் வருவோர் கூடிவிடுகிறார்கள். "வயித்தால போவுது, மாத்திரை குடுங்க" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் ஆஃப்லாக்ஸசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த ஆண்டிபயாட்டிக் (கிருமிக்கொல்லி) மாத்திரை அட்டையைப் பல கடைகளில் கையில் எடுத்துவிடுகிறார்கள். நான்கு மாத்திரைகளை நறுக்கிச் சிறு காகித உறையில் போடும்போது, காலாவதித் தேதி அச்சிட்ட பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதைக் குறிக்கும் சிவப்புக் கோட்டின் ஒரு துண்டு மட்டும் மாத்திரையோடு போகிறது. சிலர் செஃபிக்சிம் என்ற இன்னொரு ஆண்டிபயாட்டிக் வரைக்கும் போகிறார்கள். அதை விற்றால் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருப்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஆனால் விதியைக் காட்டி மிரட்ட இதை எழுதவில்லை. என் கவலை குடலைப் பற்றியது. நம் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள், சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வரும் மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் நொதிக்க வைத்துச் சிறு சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடற் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். இவ்வமிலங்களைக் குடல் உறிஞ்சும்போது சோடியமும் அதனுடன் தண்ணீரும் உடலுக்குத் திரும்புகின்றன. இதன் பயனை நம் ஊர்க்காரர்களே உலகுக்குக் காட்டியிருக்கிறார்கள்: காலரா நோயாளிகளுக்கான உப்புச் சர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்தால் மலத்தில் வெளியேறும் நீர் குறைகிறது, பேதியும் விரைவில் நிற்கிறது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஆர்னிடசோல் என்பதோ ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களைத் தாக்கும் மருந்து. பெருங்குடலில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த இனத்தைச் சேர்ந்தவை. நோயாளி மீண்டு வரத் துணை நிற்பவற்றையே, தேவையில்லாத நேரத்தில், காசு வாங்கிக்கொண்டு கொல்கிறோம்.

கேடு வயிற்றோடு நிற்பதுமில்லை. உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் பல குடற்சுவரை ஒட்டி இருக்கின்றன. அவை பழகி வளர்வது இந்த பாக்டீரியாக்களோடுதான். கலைந்த கூட்டம் பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மருந்துக்கு மசியாத கிருமிகள் அங்கே இடம் பிடித்துவிட்டால், பின்னொரு நாள் அவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரும்போது வழக்கமான மாத்திரை வேலை செய்யாமல் போகலாம்.

உங்கள் பக்கத்து நியாயமும் தெரியாமலில்லை. ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால் கூலி போய்விடும் என்று அஞ்சும் பீடித் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க நேரமில்லை. நீங்கள் மறுத்தால் அவர் அடுத்த கடைக்குப் போவார். அதனால்தான் ஒரு கடைக்காரரிடம் தனியாகப் பேசாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மாத்திரைக்குப் பதில் ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தைக் கொடுங்கள், குழந்தை என்றால், மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாளைக்குத் துத்தநாகத்தையும் கொடுங்கள். 21 கிராம் பொட்டலம் முழு ஒரு லிட்டர் தண்ணீருக்கானது என்பதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள், ஏனெனில் அதை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படிக் கரைத்தால் உப்பு மிகுந்து சிறு குழந்தைக்கு ஆபத்தாக முடியும். பழச்சுவையூட்டிய அட்டைப்பெட்டிப் பானங்களை அதற்கு ஈடாக நீட்டாதீர்கள். அவற்றின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று அச்சிடக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவிட்டுவிட்டது.

ரத்தம் கலந்து போகிறதா, கடுங்காய்ச்சல் உண்டா, சிறுநீர் குறைந்துவிட்டதா என்று கேளுங்கள். இவற்றில் ஏதாவது ஒரு கேள்விக்கு ஆம் என்றாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஆண்டிபயாட்டிக் வேண்டுமா, எது வேண்டும் என்பதை அங்கே முடிவு செய்யட்டும். சீட்டில்லாமல் ஆண்டிபயாட்டிக் தருவதில்லை என்று உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசி முடிவெடுத்து, பங்குனி முடிவதற்குள் எல்லாக் கடைகளிலும் ஒரே மாதிரி அறிவிப்பு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்,
வேலூர்