மாத்திரையும் முறைத் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு பற்றித் தாங்கள் சென்ற வாரம் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கவனச்சிதறல் குழந்தைகளோடு நின்றுவிடுவதில்லை, பெரியவர்களுக்கும் தொடரும் என்று எழுதியதற்கு நன்றி. ஆனால் மனவுறுதியும் நல்ல பழக்கமும் இருந்தால் மாத்திரை தேவையில்லை என்பது போலக் கட்டுரை முடிந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் மருந்துச் சீட்டை மடித்து பீரோவுக்குள் வைத்திருப்பார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 43 வயது. நீடாமங்கலம் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். நகைக்கடன், பயிர்க்கடன், உர இருப்பு என்று எல்லாமே தேதி தவறக்கூடாத வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை நான் ஒரு சோம்பேறி என்றுதான் நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் ஓடியாடித் தொல்லை கொடுத்த பிள்ளை இல்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பேன். சத்தம் போடாத பெண் பிள்ளையை யார் கவனிப்பார்கள்? பெண்களிடம் இந்தக் குறைபாடு தாமதமாகத் தெரியவருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மகனைக் காட்டப் போன இடத்தில் மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு அவனைவிட எனக்குத்தான் அதிகம் "ஆமாம்" வந்தது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீட்டிலும் வேலையிடத்திலும் இருக்கின்றனவா, அதனால் வாழ்க்கை தடைபடுகிறதா என்று அம்மாவையும் உட்காரவைத்துக் கேட்டார். என் பழைய மதிப்பெண் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு என்ன என்று சொன்னார். அவருக்கு முன்னால் நான் பார்த்த வேறொரு மருத்துவர், "ரெண்டு புள்ள பெத்தவங்களுக்கு இதெல்லாம் வராதும்மா, மனச அலைபாய விடாதீங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு சொல்லால் எனக்கு மூன்று வருடம் போயிற்று.

அந்த மூன்று வருடமும் நான் செய்தது தங்கள் கட்டுரை சொல்கிற சுய மேலாண்மைதான். விடியற்காலையில் எழுந்து பக்கத்திலுள்ள மூணாறு தலைப்பு என்ற ஆற்று மதகு வரை நடந்தேன். வல்லாரைத் துவையல் சாப்பிட்டேன். போனில் பதினாலு அலாரம் வைத்தேன். பெட்டிக்கடையில் குறிப்பேடு வாங்கி, முதல் நான்கு பக்கம் அழகாக எழுதி, அடுத்த மாதம் வேறு குறிப்பேடு வாங்கினேன். நடை உண்மையிலேயே உதவியது. நடந்த நாளில் மத்தியானம் வரை தலை தெளிவாக இருக்கும். ஆனால் நாளைக்கும் நடக்க வேண்டும் என்பதை மறக்காமல் இருக்க எனக்கு எது இல்லையோ அதுவே வேண்டியிருந்தது. மனவுறுதி பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நினைவில் வைப்பது, தொடங்குவது, பாதியில் விடாமல் முடிப்பது, இவற்றை நடத்துகிற மூளை வேலையே இந்தக் குறைபாட்டில் தடுமாறுகிறது. அந்த வேலையை வைத்தே குறைபாட்டைச் சரிசெய்துகொள் என்றால் எப்படி?

ஒரு சம்பா பருவத்தில் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். பதினோரு விவசாயிகளின் விண்ணப்பம் என் மேசையிலேயே இருந்தது, ஒன்றைக்கூடக் கணினியில் ஏற்றவில்லை. வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை, அன்று முழுக்க வேறு ஏதேதோ செய்துகொண்டிருந்தேன். உடன் வேலை பார்க்கும் அண்ணன் சாயங்காலம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரவு பத்தரைக்கு முடித்தோம். அந்த வருடம் மழையில் கதிர் சாய்ந்தவர்களில் இரண்டு பேருடைய விண்ணப்பம் அந்தப் பதினொன்றில் இருந்தது. இன்றைக்கும் அவர்கள் சங்கத்துக்கு வந்தால் நான் எழுந்து நிற்கிறேன்.

அதற்குப் பிறகு மகனைக் காட்டப் போனபோது எனக்குக் கிடைத்த சீட்டில் இருந்த மருந்துதான் மெதில்பெனிடேட். இது மூளையை மழுங்கடிக்கும் தூக்க மாத்திரை என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் மூளையில் சற்றுக் கூடுதல் நேரம் தங்க வழிசெய்யும் ஊக்கி அது. 1944இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட பழைய மருந்து. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் சீட்டில்லாமல் தரமாட்டார்கள், எல்லாக் கடையிலும் வைப்பதும் இல்லை. எங்கள் ஊரில் கேட்டபோது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திருச்சிக்குப் போய்த்தான் வாங்கினேன். கட்டுப்பாடு வேண்டியதுதான், தவறாகப் பயன்படுத்தினால் பழக்கமாகக்கூடிய மருந்து. ஆனால் சீட்டோடு வருகிறவரைக் குற்றவாளி போலப் பார்க்க வேண்டியதில்லை.

மாத்திரையிலேயே எல்லாம் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தந்தது நான்கு மணி நேரம் வேலை செய்யும் வகை. முதல் நாள் போட்டுக்கொண்டு, சித்திப் பெண் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். தலை நிமிர்ந்தபோது மணி ஒன்று. கண் கொட்டாத கவனம், அவ்வளவும் புடவையில். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது நம் முறைக்கு மண்வெட்டியோடு வரப்பில் நிற்க வேண்டும். மடை வெட்டாமல் இருந்தால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போகும். இப்போது இரவே மறுநாளுக்கான மூன்று வேலைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பேரேட்டின் மேல் வைத்துவிட்டு வருகிறேன். காலையில் மாத்திரை, முதல் வேலை அந்தச் சீட்டு. போன் இழுப்பறையில். மூன்று வருடம் நிற்காத குறிப்பேடு இப்போது ஒன்றரை வருடமாக நிற்கிறது.

சிரமங்களும் உண்டு. மத்தியானம் பசி எடுப்பதில்லை, அதனால் மாத்திரைக்கு முன் வயிறார இட்லி சாப்பிட்டுவிடுகிறேன். மத்தியானத்துக்கு மேல் போட்டால் ராத்திரி தூக்கம் போய்விடும். ஒரு நாளைக்கு ஆறு டிகிரி காபி குடித்துக்கொண்டிருந்தேன். மாத்திரையோடு அது சேர்ந்து படபடப்பு வரவே மருத்துவர் இரண்டாகக் குறைக்கச் சொன்னார். போகும்போதெல்லாம் இரத்த அழுத்தமும் நாடியும் பார்க்கிறார். குடும்பத்தில் இதய நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊக்கி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அடமாக்செடின் என்று வேறு வகையும் இருக்கிறது; அது முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். மாத்திரை வேண்டாம் என்று ஒருவர் தெரிந்து முடிவெடுத்தால் அதையும் மதிக்கிறேன். வெட்கத்தால் எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு இன்னும் மாத்திரை தொடங்கவில்லை. "புள்ளைய மந்தமாக்கிடாதம்மா" என்று மாமியார் அழுதார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். முதலில் பெற்றோருக்கான பயிற்சிக்கு நானும் கணவரும் போனோம். பள்ளியில் பேசி முன்வரிசையில் இடம் வாங்கினோம். வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்கிறோம். கொஞ்சம் தேறியிருக்கிறான், கணக்குப் பாடத்தில் மட்டும் இன்னும் அழுகை. அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து நடத்தி 1999இல் வெளியிட்ட பெரிய ஆய்வைப் பற்றி மருத்துவர் சொன்னார். 14 மாத முடிவில், முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் முறையாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் கொடுத்ததைவிட மேலாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கிடையே அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே எதைத் தொடங்கினாலும் அப்படியே விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

தங்கள் இதழ் டெல்டா முழுக்கப் போகிறது. ஒரு மனநல மருத்துவரைக் கொண்டு வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் எந்தெந்த மருத்துவமனைக்கு எந்தக் கிழமை மருத்துவர் வருகிறார் என்று விசாரித்துப் போடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல ஆலோசனை எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதையும் கட்டம் கட்டி அச்சிடுங்கள். எங்கள் சங்கச் சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தை பிறந்ததும் மகனை மறுபடி காட்டப் போகிறோம். உயரம், எடை, வகுப்பு ஆசிரியை எழுதித் தந்த குறிப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்தாயிற்று. இந்த முறை மாமியாரும் வருகிறார்கள். மருத்துவரிடம் கேட்கத் தன்னிடமும் கேள்வி இருக்கிறது என்கிறார்கள்.

இப்படிக்கு,
கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவர்,
நீடாமங்கலம் வட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)