18 வயதோடு பதிவேட்டை மூட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே பயிற்சி தொடங்க வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ஐந்து வயதோடு நின்றுவிட்டது. ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு இப்போது 20 வயது.

அமெரிக்காவில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கேனர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் ஆட்டிசம் உலகத்துக்குத் தெரியவந்தது. அவர் அதோடு விடவில்லை. அந்தப் பதினொரு பேரும் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று தேடி, 1971-இல் மறுபடி எழுதினார். பெரிய காப்பகங்களில் விடப்பட்டவர்கள் இருந்த திறனையும் இழந்திருந்தார்கள். அந்தப் பதினொரு பேரில் டொனால்டு என்ற பையனைச் சில காலம் ஒரு விவசாயத் தம்பதி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பான். சரி, சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே உழு என்று விட்டுவிட்டார்கள். பிற்பாடு அவர் பட்டம் வாங்கி வங்கியில் வேலை பார்த்தார்.

அமெரிக்காவில் மார்ஷா மைலிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1998 முதல், ஆட்டிசம் உள்ளவர்கள் இருக்கும் 406 குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். வயது ஏற ஏற நடத்தைச் சிக்கல்கள் குறைந்துகொண்டு வந்தன. பள்ளி முடிந்ததும் அந்த முன்னேற்றம் மெதுவாகிவிட்டது. வருமானம் குறைந்த வீடுகளில் இந்தத் தேக்கம் இன்னும் அதிகம்.

என் மகன் சட்டைப் பொத்தான் போடவே 14 வயதானது. பால் கேனோடு தனியாக சொசைட்டிக்குப் போகப் பழகியது 18-க்கு அப்புறம்தான். பால் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, கொழுப்பு அளவை எழுதித் தரும்வரை நகர மாட்டான். எழுத மறந்தால் அந்தக் கட்டத்தை விரலால் தட்டிக் காட்டுவான். இந்த வளர்ச்சி எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. 18 ஆனதுமே பயிற்சி மையத்தில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள்.

எங்கள் கேரள-தமிழக எல்லைப் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. சின்ன வயதில் அவனைப் பரிசோதித்தவர்கள் மலையாளத்தில் கேட்டார்கள். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்தவன் வாய் திறக்கவில்லை. ‘பேச்சு இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். கோயம்புத்தூரில் அவன் சொல்லும் வார்த்தைகளையெல்லாம் குறித்துத் தந்தார்கள். அந்தத் தாளை இங்கே யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட குறிப்புகளை வைத்து எந்த ஆய்வு செய்தாலும் கணக்கு தப்பாகத்தான் வரும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இலவசக் கல்வியை 18 வயது வரைக்கும்தான் தருகிறது. கேரளத்தில் 18 தாண்டியவர்களுக்கும் உள்ளாட்சிகள் நடத்தும் ‘பட்ஸ்’ மறுவாழ்வு மையங்கள் இருப்பது பெரிய ஆறுதல். அங்கே வருகிறவர்களையும், வராமல் வீட்டிலேயே இருப்பவர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் பார்த்து, புதிதாக என்ன செய்யத் தெரிந்தது, எது விட்டுப்போனது என்று எழுதி வைக்கலாம். எங்கள் பக்கம் தமிழ் தெரிந்த ஆசிரியர்களும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களையே அனுப்பலாம். பாலக்காடு மாவட்ட நிர்வாகம் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளில் இதை முதலில் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கொழிஞ்சாம்பாறை.