விளம்பரத்தை இனி வெட்ட மாட்டோம், தாண்டி மட்டும் போவோம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் அன்ரனாவும், ரிவி நிகழ்ச்சிகளைப் பதிந்து விளம்பரங்களை வெட்டிவிடும் பதிவுப் பெட்டியும் பூட்டிக் கொடுத்த வீட்டு ஐயா ஒருவர் போன மாதம் கடைக்கு வந்தார். பேத்தியின் பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவை மாலைச் செய்தியில் காட்டியிருக்கிறார்கள். இரவு எல்லாரும் கூடியிருந்து பதிவைப் போட்டால் பிள்ளையைக் காணவில்லை. காலநிலை முடிந்த கையோடு விளையாட்டுச் செய்தி வந்துவிட்டது. அந்த அரை நிமிடத்தை விளம்பரம் என்று எடுத்துப் பெட்டி வெட்டி எறிந்துவிட்டது. எங்களால் அதை மீட்டுக் கொடுக்க முடியவில்லை. பிழை எங்களுடையது. வெட்டும்படி பெட்டியை அமைத்துக் கொடுத்தது நாங்கள்தான்.

ஏன் இப்படி நடக்கிறது? பெட்டிக்குள் இருக்கும் கொம்ஸ்கிப் என்ற மென்பொருளுக்கு விளம்பரம் எது, செய்தி எது என்று விளங்காது. அது அடையாளங்களைத்தான் தேடுகிறது. நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம் திரை கறுப்பாகும், சத்தமும் நிற்கும். மூலையில் இருக்கும் சனலின் சின்னம் விளம்பரத்தில் மறையும். விளம்பரங்கள் பெரும்பாலும் 15, 30 விநாடிக் கணக்கில் ஓடும். இவற்றைக் கூட்டிப் பார்த்துத்தான் அது முடிவெடுக்கிறது. பாட்டுக் குழுவின் துண்டோ இரண்டு விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே, சின்னம் இல்லாமல், ஏறக்குறைய 30 விநாடி ஓடியிருக்கிறது. பிறகு எப்படித் தப்பும்?

அதனால் இனி நாங்கள் பூட்டும் எல்லாப் பெட்டிகளிலும் வெட்டும் வசதியை நிறுத்தி, குறி வைக்கும் வசதியை மட்டும் விடுகிறோம். விளம்பரம் தொடங்கும், முடியும் நேரங்கள் ஒரு சிறிய கோப்பில் பதிவாகும். படம் முழுதாக அப்படியே இருக்கும். பார்க்கும்போது அந்த இடத்தைத் தாண்டிப் போகும். ஏதோ விடுபட்டதுபோல் இருந்தால் றிமோட்டில் பின்னுக்குப் போய்ப் பார்க்கலாம். ஹாட் டிஸ்கில் இடம் கூடப் பிடிக்கும் என்பது உண்மை. ஒரு மணி நேர எச்டி பதிவு 8 ஜிபி வரை போகும். ஆனால் பார்த்து முடித்ததை அழித்தால் இடம் திரும்பக் கிடைக்கும், வெட்டுப்பட்ட பேத்தி கிடைக்க மாட்டாள்.

இன்னொன்று. குறி வைக்கும் வேலை பதிவு முடிந்த பிறகுதான் தொடங்கும். கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். ஹொக்கி ஆட்டம் என்றால் முடியும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிப் போடுங்கள், மேலதிக நேரத்துக்குப் போனால் கடைசி கோல் தப்பிவிடும்.

இது சட்டப்படி சரியா என்று பலர் கேட்கிறீர்கள். கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 29.23ஆம் பிரிவு, வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்ய இடம் கொடுக்கிறது. ஒரு பிரதிதான் எடுக்கலாம், பிரதி எடுக்க விடாமல் போட்டிருக்கும் டிஜிட்டல் பூட்டை உடைத்து எடுக்கக் கூடாது, பார்த்து முடிக்கத் தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மற்றவருக்குக் கொடுக்கவும் கூடாது. பதிவைப் பென் டிரைவில் போட்டுத் தரச் சொன்னால் நாங்கள் மறுப்பது இதனால்தான், கோபிக்க வேண்டாம்.

எங்களிடம் முன்பு வாங்கிய பெட்டிகளையும் இலவசமாக மாற்றித் தருகிறோம். பத்து நிமிட வேலைதான். அதுவரை பிள்ளைகளோ உறவினரோ வரும் நிகழ்ச்சி எதையாவது பதிவு செய்வதாக இருந்தால், முதலில் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். வெட்டும் வசதியை எப்படி நிறுத்துவது என்று போனிலேயே சொல்லித் தருகிறோம். கடைக்கு வரும்போது பெட்டியோடு அதன் கரண்ட் வயரையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அன்ரனாக் கடைக்காரர்