ஒப்பாரி இல்லாத உழைப்பாளர் பாட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல் கட்டுரையைப் படித்தேன். மலை, போர், பிரிவு, மறுபடி மலை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உழைக்கிறவர்கள் பாட்டென்றாலே ஒப்பாரிதான் என்பதுபோல எழுதியிருந்ததை ஏற்க முடியவில்லை. ‘பெர்ரிஃபீல்ட்ஸ் ஓ பிளேர்’ (பிளேர் ஊரின் பெர்ரித் தோட்டங்கள்) பாட்டைக் கேட்டவர் அப்படி எழுதமாட்டார்.

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பிளேர் எனப்படும் பிளேர்கௌரி ஊரைச் சுற்றி ராஸ்பெர்ரித் தோட்டங்கள். கோடையில் பழம் பறிக்க ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் விடாமல் கிண்டலடிக்கிறது பாட்டு. கிளாஸ்கோ தெருமுனையில் வெட்டியாக நிற்கும் பையன்கள், ஃபைஃப் சுரங்கத் தொழிலாளர்கள், டண்டி ஆலைக்காரர்கள், பீட்டர்ஹெட் மீனவர்கள் எல்லாரும் வருகிறார்கள். டண்டியின் லாக்கிப் பகுதியிலிருந்து ‘கெட்டில் காய்ச்சிகள்’கூட உண்டு. மனைவி சணல் ஆலைக்குப் போக, வேலை கிடைக்காமல் வீட்டைப் பார்த்துக்கொண்ட கணவன்மாருக்கு டண்டிப் பக்கம் அந்தப் பட்டப்பெயர். (சணல் நம் வங்காளத்துச் சணல்தான்!) தங்குவதற்குக் கூடாரம், கேரவன், அதுவும் இல்லாதவர்களுக்கு உருளைக்கிழங்குச் சாக்கில் ஒரு மறைப்பு. கூலி எடைக்கு. கை வேகமுள்ளவருக்கு ஒன்றிரண்டு பவுண்டு காசு தேறும், சிலருக்குச் சாப்பாட்டுச் செலவுக்கே இழுபறி. பாட்டு அதையும் மறைக்கவில்லை, அதற்காக அழவும் இல்லை.

இதைக் கட்டியவர் பெல் ஸ்டூவர்ட். 1906இல் டே ஆற்றங்கரையில் ஒரு கூடாரத்தில் பிறந்தவர், ஊர் ஊராகப் பிழைக்கும் டிராவலர் சமூகத்துப் பெண். ‘டிங்கர்’ என்று ஊரார் ஏளனம் செய்த சமூகம் அது. பாட்டு வாய்வழியே பரவிவிட்டது, கட்டியவர் யாரென்று பாடியவர்களுக்கே தெரியாது. 1954இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் மாரிஸ் ஃபிளெமிங் தேடிப்போய் அவரைக் கண்டுபிடித்தார். அடுத்த கோடையில் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேமிஷ் ஹெண்டர்சன் ஒலிப்பதிவுக் கருவியோடு தோட்டத்துக்கே வந்துவிட்டார். பகலில் பழம் பறித்த டிராவலர்கள் இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடிய பழைய கதைப்பாடல்கள் அப்படித்தான் பதிவாயின. கட்டுரை புகழ்கிற ‘பழம்பெரும் மரபை’ இவ்வளவு காலம் வாயில் வைத்துக் காத்தவர்கள், ஊருக்குள் யாரும் மதிக்காத இந்தக் கூலிக்காரர்கள்தான். அவர்களைப் பற்றி ஒரு பத்திகூட இல்லையே, அதுதான் என் குறை.

இப்போது அந்த நாட்டில் பெர்ரி பறிக்க மத்திய ஆசியாவிலிருந்தெல்லாம் ஆறு மாத விசாவில் ஆட்கள் போகிறார்கள். கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால் பெல்லையும் அவர் மகள் ஷீலாவையும் சேர்க்கச் சொல்லுங்கள். இருவர் பாடிய பதிவுகளும் கிடைக்கின்றன, கேட்டுவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தஞ்சாவூர்