பால் திரிந்த மாதிரி

வெல்லாவெளி

அன்பின் மச்சான்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. ஏசுவதை நேரில் வைத்து ஏசு. வீட்டில் எல்லோரும் சுகம். கோழிக்கள்ளனும் உன்னைச் சுகம் கேட்டான்.

விஷயம் இதுதான். மாசியில் பட்டியில் மூன்று எருமைகள் குறைமாதத்தில் செத்த கன்று போட்டன. ஒன்றுக்கு நஞ்சுக்கொடி விழவில்லை, நான்தான் வெறுங்கையால் இழுத்தேன். மிருக வைத்தியர் அதைக் கேட்டு நன்றாக ஏசினார். பிறகு, கன்று கலைக்கிற புருசெல்லா என்ற கிருமியாக இருக்கலாம் என்று ஒவ்வொன்றின் கழுத்து நரம்பிலும் இரத்தம் எடுத்தார். அது உறைந்து, சீரம் என்ற மஞ்சள் நீர் மேலே தெளிந்த பிறகு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு தட்டில் ஒரு துளி சீரம், பக்கத்தில் அதே அளவு றோஸ் பெங்கால் என்ற சோதனை மருந்து. அதில் சாகடித்த புருசெல்லா கிருமிக்கு றோசா நிறம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் கலந்து நாலு நிமிடம் தட்டை ஆட்டினார்கள். நோயில்லாத மாட்டின் துளி வழவழவென்று அப்படியே கிடந்தது. நம்முடைய நெற்றிச்சுட்டி எருமையின் துளி, பால் திரிந்த மாதிரி மணிமணியாகத் திரண்டது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது, மச்சான்.

திரண்டவுடன் முடிவு கட்டக் கூடாதாம். தடுப்பூசி போட்ட மாட்டிலும் திரளுமாம், யெர்சினியா என்ற வேறொரு கிருமி தொற்றினாலும் திரளுமாம். இது முதல் சல்லடைதான், எலைசா மாதிரி இன்னொரு சோதனை செய்துதான் உறுதியாகச் சொல்வார்கள். அதுவரை பட்டியைப் பிரித்து வைத்திருக்கிறேன். "பேசாமல் தள்ளிவிடுங்கள்" என்று ஒரு வியாபாரி வந்து நின்றான். அடுத்தவன் பட்டியில் நோயை இறக்க எப்படி மனம் வரும்? திருப்பி அனுப்பிவிட்டேன்.

சரி, இப்போது உன் கதை. பொங்கலுக்கு வந்தபோது கறந்த பாலை நுரையோடு குடித்தோமே, இரண்டு பேரும். பச்சைப் பாலால் இந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றுமாம். நான் என் இரத்தத்தையும் கொடுத்துவிட்டேன். நீ பின்னேரக் காய்ச்சல், இடுப்பு வலி, இரவில் வேர்வை என்று எழுதிவிட்டு, டெங்கு என்று நீயே முடிவு கட்டியிருக்கிறாய். டெங்கு ஒரு மாதம் விட்டுவிட்டு வருமா? வைத்தியரிடம் பச்சைப் பால் குடித்ததை வாய் திறந்து சொல். சொல்லாமல் அவருக்கு இந்தச் சோதனை எப்படி நினைவுக்கு வரும்? இந்த நோய்தான் என்றால் மருந்து இருக்கிறது. இரண்டு வகை சேர்த்து ஆறு கிழமை விழுங்க வேண்டும், இடையில் விட்டால் திரும்பி வரும். மூன்றாம் நாளே மாத்திரையை மறக்கிற ஆள் நீ, அதுதான் என் பயம்.

பாலைப் பொங்கக் காய்ச்சாமல் உன் வீட்டில் யாரும் தொட வேண்டாம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்கு வருகிறேன். இரண்டு பேருமாக வைத்தியசாலைக்குப் போவோம்.

உன்
மச்சான்