தாண்டிக்குடியிலிருந்து அப்பா

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் இப்போது தேவலை. மேல்காட்டில் காப்பிப் பறிப்பு ஓடுகிறது, ஆள்தான் கிடைப்பதில்லை. மற்றதெல்லாம் போனில் சொன்னதுதான். போன் எடுத்தால் நீ அவசரத்தில் இருக்கிறாய். எனக்கோ அம்மா பக்கத்தில் நின்றால் பேச வராது. அதனால்தான் கடுதாசி.

காப்பி ருசி பார்த்து மார்க் போட்டு நீ அனுப்பிய தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மூன்றும் ஒரே எஸ் 795 ரகக் காப்பி. கர்நாடகத்துப் பாபாபுடன்கிரி ஒரு கோப்பை, இந்தோனேசியாவின் தொராஜா மலை ஒரு கோப்பை, நம் கீழ்ப்பழனி மலை ஒரு கோப்பை. நமக்குக் கடைசி இடம். ‘புளிப்பு முன்னால் நிற்கிறது, வாயில் தங்கவில்லை’ என்று உன் கையெழுத்தில் போட்டிருக்கிறாய். டவராவில் மிச்சம் இருந்ததைத் திருட்டுத்தனமாகக் குடித்து அம்மாவிடம் அடி வாங்கியவள் இன்றைக்குப் பெங்களூரில் உட்கார்ந்து மூன்று மலைக்கு மார்க் போடுகிறாள். பெருமையாகத்தான் இருக்கிறது. பட்டிவீரன்பட்டிக்குப் போனபோது நாலு பேரிடம் சொல்லிவிட்டும் வந்தேன். ஆனால் அந்த மார்க்கை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில், அந்தக் கொட்டை யார் காட்டுக் கொட்டை? சாக்கில் பழனி என்று எழுதியிருந்தால் போதுமா? காப்பி போர்டு கணக்கிலேயே நம் மலைக்கு 600 மீட்டரிலிருந்து 2000 மீட்டர் வரை போட்டிருக்கிறான். பாபாபுடன்கிரி 1000க்கும் 1500க்கும் நடுவில் அடங்கிவிடும். அடிவாரத்துச் சூட்டில் அவசரமாகச் சிவந்த பழமும், பண்ணைக்காட்டுப் பக்கம் பனியில் நின்று நிதானமாகப் பழுத்த பழமும் ஒரே சாக்கில் விழுந்தால் நாக்கு எதைச் சொல்லும்? குளிரில் பழுக்க நாளாகும். நாளானால் கொட்டை இறுகும். புளிப்புக்குத் துணையாக இனிப்பும் வந்து உட்காருவது அந்த நிதானத்தில்தான். துணை வராத புளிப்பைத்தான் நீ குடித்திருக்கிறாய். உனக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அப்புறம் மழை. பாபாபுடன்கிரிக்காரர்களுக்குத் தென்மேற்கு. ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை கொட்டிவிட்டு, பழம் சிவக்கிற நேரத்தில் வானம் வெளுத்துவிடும். பறித்தான், பல்பரில் விட்டுத் தோல் நீக்கினான், கழுவினான், களத்தில் போட்டான், காய்ந்தது. நமக்கு அந்த மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. வருஷத்துக்கு 1000 மில்லிமீட்டரிலிருந்து 1600 வரைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கில் வருவது. பழம் சிவக்க ஆரம்பிப்பதும் அப்போதுதான்! பார்ச்மென்ட்டை, அதாவது மேலோடு போகாத கொட்டையை, களத்தில் பரப்பினால் மூடவும் திறக்கவுமே பொழுது சரியாகிவிடும். ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்குவதற்குள் பிராணன் போய்விடும். மூடிய தார்ப்பாய்க்குள் ஒரு ராத்திரி வேர்த்தால் அந்த வாசம் திரும்பி வராது. நீ வாயில் தங்கவில்லை என்று எழுதினாயே, அது யாரோ ஒருவன் களத்தில் செய்த காரியமாக இருக்கும். களத்தில் நடந்ததற்கு மண்ணைக் குறை சொல்லாதே.

பாபாபுடன்கிரிக்கு நீ கொடுத்த மார்க்கில் எனக்குச் சண்டை இல்லை. நல்ல காப்பி அது. எல்லாம் அளவாக இருக்கும். தொராஜாவுக்கு முதலிடம் என்றதும்தான் கொஞ்சம் சுருக்கென்றது. 1925இல் தொடங்கிய பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ் 288, கென்ட் என்ற இரண்டு ரகங்களைச் சேர்த்து, 1940களில் தோட்டக்காரர்கள் கையில் கொடுத்த செடி இது. 288இல் லைபீரிக்கா என்ற வேறு காப்பி இனத்தின் கலப்பு உண்டு, துரு நோயைத் தாங்குவதற்கு. ருசிக்குக் கென்ட். இங்கிருந்து போன செடிக்கு அங்கே ஜெம்பர் என்று பெயர், ஜாவாவில் அவர்களுடைய ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரின் பெயர். பார்ச்மென்ட் பாதி ஈரமாக இருக்கும்போதே தோலை உரித்து, கொட்டையை வெறுமனே காய வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அந்தக் கனமும் மண் வாசமும் அதில்தான் வருகிறது. அப்படியானால் நீ மார்க் போட்டது மலைக்கா, கைவேலைக்கா? பிரித்துச் சொல்ல முடிந்தால் எழுது. இன்னொரு மண்ணில், இன்னொருவர் கையில் போய் மாறாத செடி கிடையாது. மாறிவிட்டதே என்று செடியைக் குற்றம் சொல்ல முடியுமா? நான் செடியைத்தான் சொல்கிறேன்.

தாளில் ஆரஞ்சு வாசம் என்று ஒரு வார்த்தை இருந்தது. காப்பிக்கு நடுவே ஆரஞ்சு நிற்பதால் அந்த வாசம் ஏறுகிறது என்று ரிசார்ட்டுக்காரன் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வான். நீ நம்பிவிடாதே. ஆரஞ்சு நோயில் போனது, மலைவாழை முடிக்கொத்து நோயில் போனது, தாத்தா அந்தக் கவலையிலேயே போனார். காப்பியில் அந்த வாசம் இன்றைக்கும் இருக்கிறது. மரம் கொடுப்பது நிழலும் சருகும்தான். மற்றதெல்லாம் வியாபாரம்.

நாள் முழுக்க ருசி பார்க்கிறாயே, காலையில் ஏதாவது சாப்பிடுகிறாயா? போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது. வெறும் வயிற்றோடு அந்த மேஜைக்குப் போகாதே. துப்பத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், துப்பிவிடு, விழுங்காதே.

சாம்பிள் கேட்டிருந்தாய். பச்சைக் கொட்டை, ஆபீஸ் விலாசத்துக்கு. சரி, அது ஆபீஸ் வேலை. தூளையும் ஏன் ஆபீசுக்கே அனுப்பச் சொல்கிறாய்? மாப்பிள்ளைக்குக் காலையில் சிக்கரி கலக்காத நம் தூள்தான் வேண்டும் என்று நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். எப்போதும் இரண்டு கிலோ கேட்பவள் இந்தத் தடவை அரைக் கிலோ போதும் என்கிறாய். தீபாவளிக்கு லீவு இல்லை என்றீர்கள். பொங்கலுக்கு நீ மட்டும் பேசினாய். அவர் குளிக்கிறார் என்றாய். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா கூப்பிட்டபோதும் குளிக்கிறார் என்றாயாம். அம்மா அதைச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கீழ்க்காட்டில் தண்டுத் துளைப்பான் விழுந்துவிட்டது. மேலே பார்த்தால் இலை பச்சையாகத்தான் இருக்கிறது. தண்டைத் தடவினால் உள்ளே புழு போன வழி வரிவரியாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. ஏப்ரலில் வண்டு பறக்கும் முன்னால் விழுந்த செடியையெல்லாம் பிடுங்கிக் கொளுத்த வேண்டும். நிழல் குறைந்த இடத்தில்தான் அதிகம். அங்கே சில்வர் ஓக்கை வெட்ட வேண்டாம் என்று நீ அப்போதே சொன்னாய். சித்தப்பாதான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் காவேரி ரகம் போடலாம், சீக்கிரம் காய்க்கும் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. நடுவதானால் 795தான் நடுவேன். நீ என்ன சொல்கிறாய் என்று எழுது. இந்தக் காட்டுக்கு உன் சொல் வேண்டும், நீ எங்கே இருந்தாலும்.

சாம்பிளைக் கூரியரில் போடப் போவதில்லை. நானே கொண்டு வருகிறேன். தைப்பூசம் முடியட்டும், இப்போது பஸ்ஸெல்லாம் பழனிக்குப் போகிற கூட்டம். திண்டுக்கல்லில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் அங்கே இருப்பேன். மேல்காடு ஒரு பை, கீழ்க்காடு ஒரு பை, பறித்த தேதி, காய்ந்த நாள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஈரத்தை நம் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. பெயரை மறைத்து, அந்தத் தொராஜாவையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார். அப்புறம் எத்தனை மார்க் போட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன்.

தூள் அரைக் கிலோதான் கொண்டு வருவேன். அம்மா இரண்டு கிலோவுக்கு வறுத்துவிட்டாள், மீதியை அரைக்காமல் வைத்திருக்கிறேன். சாம்பிள் கொடுக்கப் போகிறேன் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டுமா என்பதை நீ சொல்.

ஆபீஸ் விலாசம் என்னிடம் இருக்கிறது, நான் வரப்போவது ஆபீசுக்கு இல்லை. இப்போது எந்த வீட்டில் தூங்கி எழுந்திருக்கிறாயோ அந்த விலாசத்தை எழுது. சின்ன ரூமாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு பாய் போதும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன். பெரியத்தை பெட்டியோடு வந்து நின்ற அன்றைக்கு இந்த வீட்டில் நடந்தது உனக்கு நடக்காது. அன்றைக்குப் பேசியவர்கள் யாரும் இன்றைக்கு இல்லை. இருந்தாலும் பேச விட மாட்டேன்.

பதில் போடு. போனில் வேண்டாம், எழுது. சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ.

அப்பா